ஒரே கதை, இரண்டு வாசகர்கள்: கணவனும் மனைவியும் படித்ததைப் பேசிக்கொள்ள ஒரு வழிகாட்டி

வீட்டில் இரண்டு பேருமே படிக்கிறவர்கள், ஆனால் படித்ததைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என்று சொல்லும் தம்பதிகள் நிறைய. பேசிப் பார்த்தவர்களும் உண்டு. "எப்படி இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சு." அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் கேஸ் புக் பண்ணியாச்சா என்பதாக இருக்கும்.

ரசனை இல்லாததால் பேச்சு நின்றுபோகிறது என்று நான் நினைக்கவில்லை. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்பது தீர்ப்புக் கேட்பது. தீர்ப்பு வந்துவிட்டால் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்த இடத்துல இவ ஏன் இப்படிச் சொன்னா?" என்று ஆரம்பித்தால் அதே இரண்டு பேர் அரைமணி நேரம் பேசுவார்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தைக் கொண்டுவருவதற்கான ஏற்பாடுகள்தான். இதுவரை சேர்ந்து படித்தே இராதவர்களுக்காக எழுதுகிறேன். ஏற்கெனவே வாசகர் வட்டத்துக்குப் போய்வருகிறவர்கள் பாதியைத் தாண்டிப் போகலாம்.

முதல் படி: நாவலைத் தொடாதீர்கள்

சேர்ந்து படிக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் நேராகப் போய் நிற்பது 'பொன்னியின் செல்வ'னில். 2022-லும் 2023-லும் படம் வந்தபோது எத்தனை வீடுகளில் ஐந்து பாகங்களும் வந்து இறங்கின! ஒருவர் இரண்டே வாரத்தில் மூன்றாம் பாகத்துக்குப் போய்விடுவார். இன்னொருவர் ஆழ்வார்க்கடியான் அறிமுகத்திலேயே இருப்பார். முன்னே போனவருக்குப் பேச ஆசை, பின்னே இருப்பவருக்குக் கதையைக் கேட்டுவிடுவோமோ என்று பயம். கடைசியில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். கல்கியைக் குறை சொல்லவில்லை. 1950-இல் தொடங்கி வாராவாரம் தொடராக வந்தது அது. ஊரே ஒரே வேகத்தில் படித்தது, அடுத்த இதழ் வரும்வரை எல்லோரும் ஒரே இடத்தில் காத்திருந்தார்கள். இன்று மொத்தமாகக் கையில் கிடைக்கும்போது அந்த வசதி போய்விட்டது.

அதனால் சிறுகதை. ஒரே உட்காரலில் முடிகிற அளவு, பத்திலிருந்து இருபது பக்கம். வேகம் ஒரு பிரச்சினையாகவே இராது. பிடிக்காவிட்டாலும் ஒரு மாலைதான் நஷ்டம்.

எந்தச் சிறுகதை என்பதும் முக்கியம். இரண்டு பேருக்கும் உடனே பிடித்துப்போகும் கதையாகத் தேட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற கதைதான் வேண்டும். என்னைக் கேட்டால் கி. ராஜநாராயணனின் 'கன்னிமை'யைத்தான் முதலில் சொல்வேன். கரிசல் காட்டு சம்சாரி (விவசாயி) வீட்டுப் பெண் நாச்சியாரம்மா. கல்யாணத்துக்கு முன் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக்கொடுத்த கை. கல்யாணத்துக்குப் பிறகு அதே கை இறுகிவிடுகிறது. கதையின் முதல் பாதியைச் சொல்கிறவன் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டாம் பாதியைச் சொல்கிறவன் அவளைக் கட்டிக்கொண்ட ரங்கையா. அந்தப் பழைய நாச்சியாரைத் தேடித் தவிக்கிறான் அவன். கணவனும் மனைவியும் படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு கதை எனக்குத் தெரியவில்லை. கி.ரா. சிறுகதைத் தொகுப்பு எந்த மாவட்ட மைய நூலகத்திலும் இருக்கும், கிளை நூலகங்களிலும் பெரும்பாலும் கிடைக்கும்.

இரண்டாம் படி: வாய்விட்டுப் படியுங்கள்

முதல் கதையை மட்டுமாவது மௌனமாகப் படிக்காமல் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள். 'கன்னிமை' இரண்டு குரல்களில் இருப்பதால் பிரித்துக்கொள்வது எளிது. முதல் பாதியை ஒருவர், இரண்டாம் பாதியை மற்றவர். வம்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கணவன் சொல்லும் பாதியை மனைவி படிப்பது நல்லது. அவன் புலம்பலை அவள் வாயால் கேட்கும்போது இரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று உறைக்கும்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வார இதழில் வந்த தொடர்கதையை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்ட வீடுகள் நம் பாட்டி காலத்தில் ஏராளம். கி.ரா.வின் கரிசல் தமிழ் கண்ணைவிடக் காதுக்கே அதிகம் பிடிபடும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அச்சில் பார்த்தால் முரண்டு பிடிக்கும் சொற்கள்கூட, சத்தமாகப் படித்ததும் சட்டென்று புரிந்துவிடும்.

எப்போது படிப்பது? படுக்கப்போகும் நேரம் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒருவர் கொட்டாவி விடுவார், மற்றவர் அதைக் கதையின் மேல் வந்த அபிப்பிராயமாக எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் மாலை காப்பிக்கும் நடுவே. குழந்தைகள் சின்னவர்களாக இருந்தால் அவர்கள் தூங்கும் நேரம். இரண்டு போனும் வேறு அறையில் இருக்கட்டும். கையில் இருந்தால் கதையில் வரும் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போய், அங்கிருந்து வேறு எங்கேயோ போய்விடுவோம்.

மூன்றாம் படி: பென்சில், சீட்டு

இரண்டாம் கதையிலிருந்து தனித்தனியாகப் படிக்கலாம். சொந்தப் புத்தகமாக இருந்தால் ஆளுக்கொரு பென்சில், ஆளுக்கொரு குறி. ஓரத்தில் ஒருவர் கோடு போடட்டும், மற்றவர் புள்ளி வைக்கட்டும். பிடித்த வரியை மட்டும் குறித்தால் பாதிப் பலன்தான். எரிச்சல் வந்த இடம், புரியாத இடம், "இது நடக்குமா?" என்று தோன்றிய இடம், இவற்றையும் குறியுங்கள். பின்னால் பேச்சு இந்த இடங்களிலிருந்துதான் வரும்.

நூலகப் புத்தகத்தில் தயவுசெய்து கோடு போடாதீர்கள். தபால் உறையைச் சீட்டுச் சீட்டாகக் கிழித்துப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் போதும். சீட்டில் ஒரு சொல் எழுதி வைத்தால் இன்னும் வசதி: 'பொய்', 'அம்மா', 'ஏன்?' இப்படி.

ஒருவர் முடித்துவிட்டுக் கொடுக்கும் புத்தகம் என்றால் முதலில் படித்தவர் குறிகளைப் பார்த்துக்கொண்டே படிப்பது தனிச் சுகம். சிலருக்கு அது தொந்தரவாகவும் இருக்கும். அப்படியானால் முதல் ஆள் சீட்டுகளை எடுத்துப் பக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கொடுக்கட்டும்.

நான்காம் படி: பேசுவதற்கு முன் இரண்டு வரி

எல்லாரும் தாண்டிப் போகிற படி இது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான். கதை முடிந்ததும் பேசாதீர்கள். ஆளுக்கொரு துண்டுத் தாளில் இரண்டே வரி, மற்றவருக்குக் காட்டாமல். முதல் வரியில் ஒரு பக்க எண்ணும் அந்த இடம் ஏன் நின்றது என்பதும். இரண்டாவது வரியில் ஒரு கேள்வி. அப்புறம் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த வீட்டிலும் ஒருவர் முதலில் பேசுகிறவர், மற்றவர் "ஆமா" போடுகிறவர். பெரும்பாலும் முதலில் பேசுகிறவர் அதிகம் படித்தவர், அல்லது அதிகம் படித்ததாக நினைத்துக்கொள்பவர். அவர் "இது ரொம்ப மேலோட்டமான கதை" என்று சொல்லிவிட்டால், கதையைப் படித்துக் கண் கலங்கியவர் அதை வெளியே சொல்ல மாட்டார். எழுதிவிட்டால் அது அங்கே தாளில் இருக்கும், பின்வாங்க முடியாது. இந்த ஒரு காரியத்துக்காகவே துண்டுத் தாளைக் கைவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பேச்சு

துண்டுத் தாளில் உள்ள பக்கத்தைத் திறந்து, அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். 'கன்னிமை'யை வைத்து எங்கள் வீட்டில் நடந்த பேச்சின் ஒரு துண்டு:

"ரெண்டாம் பாதியில அந்தாளு பேசுறதைக் கேட்டா பாவமா இருக்கு" என்றார் என் கணவர்.

"என்னங்க பாவம்? குடும்பம்னு ஆனப்புறம் வரவு செலவை யாரு பாக்குறதாம்? முன்ன மாதிரியே அவ அள்ளிக் குடுத்துக்கிட்டே இருந்திருந்தா, இந்தாளு புலம்பல் வேற மாதிரி இருந்திருக்கும்."

"நீ நாச்சியாரு பக்கம்தான் பேசுவேன்னு தெரியும்."

"பக்கம் இல்லங்க. கதையைச் சொல்றது ரெண்டு பேருமே ஆம்பளைங்க. ஒருத்தன் அண்ணன் தம்பி முறை, இன்னொருத்தன் புருஷன். ரெண்டு பேருக்கும் அந்தச் சின்னப் பொண்ணு வேணும். அவளுக்கு என்ன வேணும்னு யாரு கேட்டா?"

அவர் பதில் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி இரண்டாம் பாதியை முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் கழித்து, "மூணாவதா ஒரு பாதி இருந்து அதை அவ சொன்னா எப்படி ஆரம்பிப்பா?" என்று கேட்டார். அன்றைய காப்பி ஆறிப்போனது.

இந்த மாதிரிப் பேச்சில் கவனிக்க வேண்டியது, இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை என்பது. ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. "அப்படியா சொல்ற, எந்த எடத்துல?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் புத்தகத்தைத் திறந்துவிட்டால் பேச்சு சரியான பாதையில் இருக்கிறது என்று அர்த்தம். புத்தகம் மூடியே இருக்க, குரல் மட்டும் ஏறிக்கொண்டு போனால் பேச்சு கதையை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது.

பேச்சு நின்றுபோகிற இடத்தில் கையில் வைத்துக்கொள்ளச் சில கேள்விகள். இந்தக் கதையில் யார் பேசவே இல்லை? எந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தாலும் உங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்? இவர்களில் யாரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவீர்கள்? கடைசிக் கேள்வி விளையாட்டாகத் தெரியும், ஆனால் நிறைய வெளியே வரும். "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்ற கேள்வியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நட்சத்திரம் போடுவதும் மதிப்பெண் போடுவதும் வேண்டாம்.

சண்டை வந்தால்

வரும். கதையில் வரும் மாமியாரைப் பற்றிப் பேச்சு தொடங்கி, நம் வீட்டு மாமியாரில் போய் முடிவது நாலாவது நிமிடத்திலேயே நடக்கக்கூடிய காரியம். அதற்காக வாழ்க்கையைப் பற்றியே பேசக்கூடாது என்று சொல்ல மாட்டேன். அப்படிப் பேசாவிட்டால் பிறகு எதற்குப் படிக்கிறோம்? தன்னைப் பற்றிப் பேசலாம், எதிரில் இருப்பவரைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். "நான் அந்த இடத்துல இருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டேன்" என்பது சரி. "நீங்களும் இப்படித்தானே, அன்னைக்கு உங்க தங்கச்சி கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் காப்பி போடப் போய்விடுவது நல்லது.

இதனால்தான் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள் என்கிறேன். 1966-இல் புத்தகமாக வந்து, அப்போதே பெரும் எதிர்ப்பைச் சந்தித்த நாவல். கணவர் அல்லாத ஒருவரோடு உறவு வைத்திருக்கும் அம்மா அலங்காரத்தம்மாளைப் பற்றி ஊரே பேசியது. தம்பதிகள் பேச வேண்டியது அவள் கணவர் தண்டபாணியைப் பற்றி என்பது என் கட்சி. வீட்டில் நடப்பது தெரிந்தும் தெரியாததுபோல ஒரு மனிதர் இருக்கிறாரே, அது பெருந்தன்மையா, கோழைத்தனமா, அல்லது அவர் கொடுக்கும் தண்டனையா? இந்தக் கேள்விக்கு ஒரு மாலை போதாது. ஆனால் பத்துக் கதையாவது சேர்ந்து பேசிப் பழகி, எதிரில் இருப்பவர் கதாபாத்திரத்தைத்தான் திட்டுகிறார், நம்மை அல்ல என்ற நம்பிக்கை வந்த பிறகு எடுக்க வேண்டிய புத்தகம் இது.

அடுத்து என்ன படிப்பது

'கன்னிமை'க்கு அடுத்து புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. செலவே இல்லை. அவருடைய எழுத்துகளை 2002-இல் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டதால் மதுரைத் திட்டம் போன்ற இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கும், மலிவுப் பதிப்புகளும் நிறைய உண்டு. கதை செல்லம்மாளின் சாவில் தொடங்குகிறது. சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி, பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை. ஊருக்குப் போக வேண்டும் என்ற அவளுடைய ஆசையும், அவருடைய வெறும் கையும். இதைப் படித்துவிட்டுப் பிரமநாயகம் பிள்ளையின் மனநிலையைப் பற்றிப் பேசுங்கள். அது பாசமா, பழக்கமா, களைப்பா? மூன்றுக்குமே கதையில் ஆதாரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவர் பாசம் என்றார், நான் களைப்பு என்றேன், ஆளுக்கு ஒரு பக்கத்தைக் காட்டினோம். இது நோயையும் சாவையும் பற்றிய கதை என்பதால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத சமயத்தில் தள்ளிவைத்துவிடுங்கள்.

இது பிடித்துப்போனால் பக்கவாட்டில் ஒரு வழி இருக்கிறது. இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தபோது புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் தொகுப்பாக வந்திருக்கின்றன. கமலா விருத்தாசலமும் கதைகள் எழுதியவர்தான், 'காசுமாலை' அவருடைய தொகுப்பு. கணவர் எழுதியதை ஒருவரும் மனைவி எழுதியதை மற்றவரும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஜெயகாந்தன், இது இரண்டு கட்டமாகப் படிக்க வேண்டியது. முதலில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. மழையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரிப் பெண், ஒரு கார், அப்புறம் வீட்டில் அவள் அம்மா என்ன செய்கிறாள் என்பது. 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது பெரிய சர்ச்சை. சிறுகதையைப் பேசி முடித்துவிட்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்குப் போங்கள். அந்த இரவில் அம்மா வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை எங்கே போயிருக்கும் என்று ஜெயகாந்தனே தன் கதையை மறுபடி கையில் எடுத்து எழுதிய நாவல் இது. 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிறுகதை முடிந்த அன்றே, நாவலைத் திறப்பதற்கு முன், "அம்மா கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாவலைப் படித்து முடித்துவிட்டு அந்தத் தாள்களை எடுத்துப் பாருங்கள். இது ஒரு பெண்ணின் மீது நடந்த வன்முறையை மையமாகக் கொண்டது என்பதை முன்பே தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

முதல் முழு நாவலுக்கு என்னுடைய சிபாரிசு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. மெல்லிய புத்தகம், 1973-இல் வந்தது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜமுனா, சாயா என்ற இரண்டு சகோதரிகள். குடம் தூக்கிக்கொண்டு அலைந்த அனுபவம் உள்ள யாருக்கும் விளக்கமே தேவைப்படாது. இதில் டீச்சரம்மா வரும் பகுதிகளைத் தவறாமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பரபரப்பு இல்லாமல் கதை நகராது என்று சொல்லும் கணவரோ மனைவியோ இருந்தால் பூமணியின் 'வெக்கை' (1982). கொலையில் தொடங்குகிறது, அப்பாவும் மகனும் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள். 'அசுரன்' படத்துக்கு மூலம் இதுதான். படம் பார்த்தவர்கள் நாவலில் என்ன இல்லை, படத்தில் என்ன கூடியிருக்கிறது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

ஒருவர் படிக்கவே மாட்டார் என்றால்

அவரைத் திருத்த முயலாதீர்கள். பிறந்தநாளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து எத்தனையாவது பக்கம் என்று கேட்பது கொடுமை. படித்துக் காட்டுங்கள், அது போதும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் காரில் ஒலிப்புத்தகம் கேட்கலாம், தமிழில் இப்போது நிறையவே கிடைக்கிறது. படிக்காதவர் என்று நாம் நினைக்கிறவர் தினமும் செய்தித்தாளை வரிவிடாமல் படிப்பவராக இருப்பார், அல்லது மோட்டார், விவசாயம், கிரிக்கெட் என்று ஏதோ ஒன்றைத் தேடித் தேடிப் படிப்பவராக இருப்பார். அது படிப்பு இல்லையா என்ன? கதை பிடிக்காதவருக்குத் தன்வரலாறு பிடிக்கலாம். பாமாவின் 'கருக்கு' (1992) சின்னப் புத்தகம், ஒருவர் பேசுவதைக் கேட்பதுபோலவே இருக்கும்.

ஆளுக்கொரு புத்தகம் படித்தால்

நடைமுறையில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் போகும். அவர் ஏதோ வரலாறு படிப்பார், நான் நாவலில் இருப்பேன். அப்போது முழுக் கதையையும் சொல்ல உட்காராதீர்கள். மற்றவர் படிக்காத புத்தகத்தின் கதைச் சுருக்கத்தைப் பொறுமையாகக் கேட்பது தாம்பத்தியத்தின் பெரிய சோதனைகளில் ஒன்று. ஒரே ஒரு பக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். அதற்கு முன் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒரு வாக்கியம், பிறகு அந்தப் பக்கம், அப்புறம் "இவன் சொல்றது பொய்யின்னு எனக்குத் தோணுது, உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி. கேட்டவருக்கு ஆசை வந்தால் அவரே புத்தகத்தை எடுத்துக்கொள்வார். முடிவைச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சிலருக்கு முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியும்.

பாதியில் விடும் உரிமையும் இரண்டு பேருக்கும் வேண்டும். ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் கீழே வைத்துவிடலாம். ஏன் ஒட்டவில்லை என்பதை மட்டும் ஒரு பக்கத்தைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பிடிக்காத புத்தகத்தைப் பற்றிய பேச்சு, பிடித்த புத்தகத்தைப் பற்றிய பேச்சைவிடச் சுவாரசியமாகப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் எங்கே கிடைக்கும்

கிளை நூலகத்தில் ஆளுக்கொரு உறுப்பினர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், காப்புத் தொகை மிகக் குறைவு. இரண்டு அட்டை இருந்தால், பிரதி இருக்கும்பட்சத்தில் ஒரே தொகுப்பில் இரண்டை ஒரே நாளில் எடுத்து வரலாம். மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 1896-இலிருந்து இருக்கும் கன்னிமாராவும். உட்கார்ந்து படிக்க மூன்றுமே நல்ல இடங்கள். சத்தமாகப் படித்துக் காட்டினால் மட்டும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

வாங்குவதானால் சென்னைப் புத்தகக் காட்சி, ஈரோடு புத்தகத் திருவிழா, உங்கள் மாவட்டத்தில் நடப்பது, எங்கே போனாலும் பொதுவாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. கூட்டமாக இருக்கும், சேர்ந்தே சுற்றினால் ஒருவர் ரசனை மற்றவரை இழுத்துக்கொண்டே போகும். வாசலில் பிரிந்து, குறிப்பிட்ட தொகையை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மிளகாய் பஜ்ஜிக் கடையில் சந்தியுங்கள். பைகளைத் திறந்து பார்க்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். தன் பங்கில் ஒரு புத்தகம் மற்றவருக்காக வாங்க வேண்டும் என்று ஒரு விதியும் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து வாங்குங்கள், அவருக்கு எது நல்லது என்று யோசித்து வாங்காதீர்கள்.

துண்டுத் தாள்கள் சேர்ந்துகொண்டே போகும். தூக்கி எறியாமல் ஒரு நோட்டில் ஒட்டி வைத்தால் போதும், தேதியும் கதைப் பெயரும் எழுதி. வேறு கணக்கு வழக்கெல்லாம் தேவையில்லை.

கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு விளையாட்டு

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. குழந்தை இல்லாத தம்பதி காளியும் பொன்னாவும், அவர்களைச் சுற்றி நின்று கேள்வி கேட்கும் ஊர், திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழா. அந்த நாவலை எதிர்த்துப் போராட்டம் நடந்ததும், எழுதுவதையே விடுவதாக அவர் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் களேபரத்தில் நாவல் ஒரு கணவன் மனைவி கதை என்பதே பலருக்கு மறந்துபோனது. இரண்டு பேருக்கும் எவ்வளவு ஆசை ஒருவர்மேல் ஒருவருக்கு! அந்த ஆசை இருந்தும் ஒருவர் மனதில் இருப்பதை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ளாத இடங்களைக் குறித்துக்கொண்டே படியுங்கள். நான் வைத்த சீட்டுகள் கிணற்றடியில் நிறைய விழுந்தன, அவருடையவை மாடு கட்டும் தொண்டுப்பட்டியில்.

நாவல் ஒரு முடிச்சில் நின்றுவிடும். காளி அடுத்து என்ன செய்வான் என்பது தெரியாது. 2014-இல் பெருமாள்முருகன் அதற்கு இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார், 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று. அந்த முடிச்சிலிருந்து ஒன்று ஒரு பக்கம் போகிறது, இன்னொன்று வேறு பக்கம் போகிறது. ஒன்றுக்கு அடுத்து ஒன்று என்று படிக்க வேண்டியவை அல்ல, எது முதல் என்ற வரிசையும் கிடையாது. பின்னட்டையைப் பார்க்காதீர்கள், இணையத்தில் தேடாதீர்கள்.

முதலில் 'மாதொருபாக'னை இருவரும் முடியுங்கள். காளி என்ன செய்வான், பொன்னா என்ன செய்வாள் என்று வழக்கமான துண்டுத் தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டு தொடர்ச்சிகளையும் மேசையில் கவிழ்த்து வைத்து ஆளுக்கொன்று எடுங்கள். படித்து முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. இரண்டு பேரும் முடித்த பிறகு ஒருவருக்கொருவர் உங்கள் கையில் இருக்கும் கதையைச் சொல்லுங்கள். கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள் என்று மேலே நான் போட்ட தடை இந்த ஒரு தடவை மட்டும் செல்லாது. ஒருவருக்குத் தெரிந்த காளி மற்றவருக்குத் தெரிந்த காளி இல்லை என்பதால், ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி, "அப்படியா? எந்தப் பக்கம்?" என்று கேட்க வேண்டிவரும்.

புத்தகங்களை மாற்றிக்கொண்டு படிப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். எனக்கு வந்தது 'அர்த்தநாரி'. 'ஆலவாய'னை நான் இன்னும் படிக்கவில்லை, அவர் சொல்லக் கேட்டதோடு சரி. அவரிடம் 'அர்த்தநாரி' பற்றி யாராவது கேட்டால் நான் சொன்னதை அப்படியே சொல்வார், நடுநடுவே என்னோடு சண்டை போட்டுக்கொண்டு.